மடங்கிய ஒரு நொடி, மாதங்கள் கழித்து வந்த வளைவு

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 48 வயது. ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடந்த ஒரு வருடமாக விறைப்பு முன்போல முழுதாக இல்லை. ஐந்து மாதம் முன்பு மனைவியோடு உறவில் இருந்தபோது அவர் மேலே இருந்தார். உறுப்பு வெளியே நழுவி, அவர் உடம்பில் மோதி மடங்கிவிட்டது. உயிர் போகிற வலி. ஆனால் சத்தம் எதுவும் கேட்கவில்லை, வீக்கமும் இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டதால் அதை மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து விறைக்கும்போதெல்லாம் வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் மேல்பக்கத் தோலுக்கு அடியில் பட்டாணி போலக் கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. இப்போது விறைத்தால் உறுப்பு மேல்நோக்கி வளைகிறது. புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. இளம் வயதில் சுய இன்பப் பழக்கம் இருந்தது, அதனால் வந்ததா? மனைவி தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுகிறார், பக்கத்தில் வரவே பயப்படுகிறார். வெட்கத்தால் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் நேராகும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம். அவசரமான இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது புற்றுநோய் போலத் தெரியவில்லை. ஆணுறுப்பில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் தோலில்தான் தொடங்கும். நுனியிலோ முன்தோலுக்கு அடியிலோ ஆறாத புண்ணாகவோ சிறு வளர்ச்சியாகவோ வெளியே தெரியும். தோல் நன்றாக இருக்க, அதற்கு அடியில் ஒரு தடிப்பும், விறைக்கும்போது வலியும், வளைவும் சேர்ந்து வருவது வேறு விஷயம். நேரில் கைவைத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனாலும் இன்றைக்கு நீங்கள் இந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

இரண்டாவது, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கும் வேலை வேண்டாம். தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஏன் என்று மேலே படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு வந்திருப்பது பெய்ரோனி நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்த ஃபிரான்ஸுவா ஜிகோ த லா பெய்ரோனி 1743-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. கிட்டத்தட்ட 280 வருடமாக மருத்துவத்துக்குத் தெரிந்த நோய் இது. ஜெர்மனியின் கொலோன் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் கேட்டுப் பார்த்ததில் 100 பேரில் 3 பேருக்குச் சற்று மேல் இந்த அறிகுறி இருந்தது. அப்படியிருந்தும் இந்த நோயோடு வருகிற ஒவ்வொருவரும், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இது வந்திருக்கிறது என்ற நினைப்போடுதான் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். யாரும் யாரிடமும் பேசுவதில்லை, அதுதான் காரணம்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருவோம். அன்று இரவு மடங்கியதுதான் காரணமா? ஆம், பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும். ஆனால் அது தொடக்கம் மட்டும்தான். அடிபட்டதைவிட, அது ஆறிய விதத்தில்தான் கோளாறு. இந்த வித்தியாசம் புரிந்தால் உங்கள் மனதில் இருக்கும் பாதி பாரம் இறங்கிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆணுறுப்பில் எலும்பு கிடையாது. நீளவாக்கில் அடுத்தடுத்து இரண்டு குழாய்கள் போன்ற பஞ்சுத் திசு இருக்கிறது. விறைக்கும்போது இவற்றில்தான் ரத்தம் நிரம்புகிறது. (சிறுநீர்க் குழாய் இவற்றுக்குக் கீழே தனியாக ஓடுகிறது.) அந்த இரண்டு குழாய்களையும் உறுதியான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. அதன் பெயர் டூனிகா அல்புஜினியா. சைக்கிள் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டியூபில் காற்று ஏற ஏற, அதை விரியவிடாமல் பிடித்து உறுதியைக் கொடுப்பது டயர். அந்த வேலையைத்தான் இந்த உறை செய்கிறது. சாதாரண நிலையில் சுமார் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். விறைக்கும்போது இழுபட்டு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்துவிடும். அவ்வளவு மெல்லியதாக இருந்துகொண்டு, உள்ளே இருக்கும் ரத்த அழுத்தம் முழுவதையும் அது தாங்குகிறது.

இந்த உறையில் இரண்டு அடுக்குகள் உண்டு. உள் அடுக்கின் இழைகள் வளையம் வளையமாகவும், வெளி அடுக்கின் இழைகள் நீளவாக்கிலும் ஓடுகின்றன. இரண்டு குழாய்களுக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரிலிருந்து வரும் இழைகள், மேலும் கீழும் இந்த உறைக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. நிமிர்ந்து நிற்கும் உறுப்பை யாராவது மேலும் கீழும் வளைத்தால் அந்த விசை எல்லாம் இந்தப் பின்னல் இருக்கும் இடத்தில்தான் போய் விழும். இழுபட்ட அடுக்குகள் அங்கே லேசாகப் பிரிகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுகின்றன. கிழிந்து திறக்கவில்லை, அடுக்குகளுக்கு நடுவே ஒரு துளி ரத்தம் கசிந்து தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே எதுவும் தெரியாது. நீங்கள் எழுதியதுபோல வீக்கம் இருக்காது, சத்தம் இருக்காது, இரண்டு நாளில் வலியும் போய்விடும். தடிப்பு பெரும்பாலானவர்களுக்கு மேல்பக்கத்தில் நடுக்கோட்டில் வருவதும், வளைவு மேல்நோக்கி இருப்பதும் இந்த அமைப்பால்தான். உங்களுக்கும் அப்படியே இருக்கிறது.

உடம்பில் எங்கே ரத்தம் கசிந்தாலும் முதலில் ஃபைப்ரின் என்ற இழைப் பொருள் வலைபோலப் படிந்து அந்த இடத்தை அடைக்கும். காயம் ஆறத் தொடங்கியதும் உடம்பே அதைக் கரைத்து அப்புறப்படுத்திவிடும். இந்த உறைக்கு ரத்த ஓட்டம் குறைவு. அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட ஃபைப்ரின் எளிதில் கரைந்து போவதில்லை. அது அங்கே இருக்கும்வரை காயம் இன்னும் ஆறவில்லை என்றே உடம்பு நினைக்கிறது. அழற்சி செல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் சுரந்து, "இன்னும் தழும்பு போடு" என்று இழைச் செல்களுக்குக் கட்டளை கொடுத்தபடி இருக்கிறது. நெகிழ்வைக் கொடுக்கும் எலாஸ்டின் இழைகள் சிதைந்து போக, அந்த இடத்தில் ஒழுங்கில்லாமல் கொலாஜன் என்ற கெட்டியான இழை மண்டுகிறது. எலியின் இதே உறைக்குள் ஃபைப்ரினை ஊசியால் செலுத்திப் பார்த்தபோது இதே போன்ற தழும்பு உருவானது. டிஜிஎஃப் பீட்டாவைச் செலுத்தியபோதும் அப்படியே ஆனது. அதனால்தான் இதைக் "காயம் ஆறுவதில் ஏற்படும் கோளாறு" என்று சொல்கிறோம்.

உங்கள் கைக்குத் தட்டுப்படும் அந்தப் பட்டாணி இந்தத் தழும்புதான். நாங்கள் அதைப் பிளேக் என்போம். சிலருக்கு அதில் சுண்ணாம்பும் படிந்து எலும்பு போலக் கெட்டியாகிவிடும். தழும்பு விழுந்த இடம் விரியாது. விறைக்கும்போது மற்ற பக்கமெல்லாம் நீள, அந்த ஒரு பக்கம் மட்டும் நீள மறுக்கிறது. நீளமான பலூனில் ஒரு பக்கம் டேப் ஒட்டிவிட்டு ஊதிப் பாருங்கள், டேப் ஒட்டிய பக்கமாக வளையும். வளைவோடு உறுப்பு கொஞ்சம் குட்டையானதுபோலத் தெரிவதும், சிலருக்கு நடுவில் ஒடுங்கி மணல் கடிகாரம் போல ஆவதும் இதே காரணத்தால்தான். இரண்டு மாதம் எதுவுமே இல்லாமல் இருந்து, அப்புறம் அறிகுறி தெரிந்ததற்கும் விளக்கம் இதில் இருக்கிறது. தழும்பு ஒரே நாளில் வருவதில்லை.

இப்போது அடுத்த கேள்வி தானாக வரும். இப்படி மடங்குவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது, எல்லோருக்கும் இந்த நோய் வருகிறதா? வருவதில்லை. உறை முழுதாகக் கிழிந்து, அவசரமாக அறுவை செய்து தைத்தவர்களில்கூடப் பெரும்பாலானவர்களுக்குப் பெய்ரோனி நோய் வருவதில்லை. நேர்மாறாக, இந்த நோய் வந்தவர்களில் மிகப் பலருக்கு "எப்போது அடிபட்டது" என்று கேட்டால் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லவே முடியாது. உறவின்போது பல வருடமாகச் சிறிது சிறிதாக, வலிகூடத் தெரியாமல் பட்ட நுண்காயங்கள்தான் அவர்களுக்குத் தொடக்கம் என்று நினைக்கிறோம். ஆக, காயம் ஒரு பாதி என்றால், அந்தக் காயத்தை ஆற்றும் உடம்பின் இயல்பு மறுபாதி.

இந்த இயல்பு ஓரளவு பிறவியிலேயே வருவது. உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ கீழே தோலுக்கு அடியில் கயிறு போல ஒரு தடிப்பு இருக்கிறதா? விரல் உள்ளே மடங்கி, முழுதாக நீட்ட முடியாமல் இருக்கிறதா? உங்கள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ அப்படி இருந்ததா? அதற்கு டியூபிட்ரான் சுருக்கம் என்று பெயர். பெய்ரோனி நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அதுவும் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரித் தழும்புக் கோளாறுகள். இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய், புகைபிடித்தல், ஆண் ஹார்மோன் குறைவு, ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சை, இவையும் இந்த நோயோடு சேர்ந்து காணப்படுபவை. வயதும் ஒரு காரணம். உறையின் நெகிழ்வு குறைந்துகொண்டே வருவதால் பெரும்பாலும் 40-க்கும் 70-க்கும் இடையில் இது வருகிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது: ஒரு வருடமாக விறைப்பு முழுதாக இல்லை. நன்றாக விறைத்த உறுப்பு எளிதில் மடங்காது. தளர்ந்த உறுப்பில் மடங்குவதால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஆபத்தானது இரண்டுக்கும் நடுவே உள்ள அரை விறைப்பு. உள்ளே நுழையும் அளவுக்கு நிமிர்ந்திருக்கும், ஆனால் பக்கவாட்டில் விசை வந்தால் தாங்காமல் மடங்கிவிடும். சர்க்கரை நோய் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதித்து விறைப்பைக் குறைத்திருக்கிறது, குறைந்த விறைப்பு உறுப்பை மடங்க விட்டிருக்கிறது, அதே சர்க்கரை காயம் ஆறுவதையும் கெடுத்திருக்கிறது. எனவே உங்கள் விஷயத்தில் கதை அந்த இரவில் தொடங்கவில்லை, ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. அப்போதே விறைப்புக் குறைவுக்கு நீங்கள் மருத்துவரைப் பார்த்திருந்தால் என்று உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இனிமேலாவது அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்னொன்றும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு விறைப்பு குறைவது, இதய ரத்தக் குழாய்களிலும் பிரச்சினை வரலாம் என்பதற்கு முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். இதயத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சுய இன்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாதாரணமான சுய இன்பத்தால் இந்த நோய் வருவதில்லை. இளமையில் செய்ததற்கு 48 வயதில் தண்டனை என்று ஒன்று கிடையாது. எத்தனையோ ஆண்கள் இந்தக் குற்ற உணர்வைத் தேவையே இல்லாமல் முப்பது நாற்பது வருடம் சுமக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. விறைத்த உறுப்பை வலுக்கட்டாயமாக மடக்குவது, பெரிதாக்குவதாகச் சொல்லி முறுக்கி இழுப்பது, காற்றை உறிஞ்சும் பம்பை அளவுக்கு மீறி அழுத்தி வைப்பது, இவை வேறு. இவற்றால் உறைக்குக் காயம் பட வாய்ப்புண்டு. அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான். உள்ளே ஆறாமல் இருக்கும் ஒரு காயத்தை விரலால் நசுக்கினால் இன்னும் கொஞ்சம் ரத்தம் கசியும், இன்னும் கொஞ்சம் தழும்பு சேரும். தடிப்பு இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று தினமும் அழுத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். பலர் அப்படிச் செய்கிறார்கள், பதற்றம்தான் காரணம்.

சரி, இப்போது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பெய்ரோனி நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நீடிக்கலாம். அழற்சி நடந்துகொண்டிருக்கும், வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே இருக்கும். அப்புறம் தழும்பு முற்றி, வலி அடங்கி, வளைவு ஓர் அளவில் நின்றுவிடும். நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள். வலியைப் பொறுத்தவரை நல்ல செய்தி. பெரும்பாலானவர்களுக்கு அது காலப்போக்கில் தானாகவே போய்விடும். வளைவு அப்படியல்ல. சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்குத்தான் அது குறைகிறது. பலருக்கு அப்படியே நிற்கும் அல்லது கூடும். தானாகச் சரியாகட்டும் என்று ஒரு வருடம் ஒளித்து வைப்பது நல்லதல்ல என்று நான் சொல்வது அதனால்தான். இந்த வாரமே ஒரு யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான மருத்துவர்) போங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். எப்போது அடிபட்டது, எப்போது வலி தொடங்கியது, உறவு கொள்ள முடிகிறதா என்று கேட்பார். உறுப்பை மெதுவாக இழுத்துத் தடிப்பைத் தொட்டுப் பார்ப்பார், கைகளையும் பார்ப்பார். வளைவு எவ்வளவு என்பது தளர்ந்த நிலையில் தெரியாது. அதனால் வீட்டில் விறைத்திருக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்து உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிய வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், டாக்டரிடம் அங்கேயே காட்டினால் போதும். எங்களுக்கு அது மிகவும் உதவும். ஊசி அல்லது அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், மருத்துவமனையிலேயே ஊசி போட்டு விறைக்க வைத்து, வளைவைக் கோணமாக அளந்து, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். அந்த ஊசி போட்டு நான்கு மணி நேரம் ஆகியும் விறைப்பு அடங்காவிட்டால் உடனே திரும்பி வர வேண்டும். இதை அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

சிகிச்சை என்று வரும்போது முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணமும் காலமும் அதிகம் வீணாவது அங்கேதான். விட்டமின் ஈ மாத்திரையை இந்த நோய்க்குப் பல வருடம் கொடுத்து வந்தோம். அது வளைவை நேராக்குவதில்லை. டாமாக்ஸிஃபென், ஒமேகா-3 ஆகியவையும் அப்படித்தான். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்க உதவலாம், வளைவைக் குறைக்காது. "மூன்றே வாரத்தில் நேராகும்" என்ற விளம்பரத்தோடு வரும் எதையும் நம்ப வேண்டாம்.

இப்போதைய கட்டத்தில் வலிக்கு அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்காமல் அதை நீங்களே கடையில் வாங்கிப் போடாதீர்கள். உறுப்பை மெதுவாக, தொடர்ந்து இழுத்துப் பிடித்திருக்கும் இழுவைக் கருவிகள் இருக்கின்றன. பல மாதம் தினமும் பொறுமையாகப் பயன்படுத்தினால் நீளம் குறைவதைத் தடுக்கவும் வளைவைக் கொஞ்சம் குறைக்கவும் உதவலாம். அழுத்தித் தேய்க்காதே என்று சொன்ன நானே இழுக்கச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். திடீரென்று மடக்கும் விசை காயத்தை உண்டாக்கும். அளவாக, நீண்ட நேரம், நேர்கோட்டில் இழுக்கும் விசை தழும்பின் இழைகளைச் சிறிது சிறிதாக ஒழுங்குக்குக் கொண்டுவரும். ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும்.

நேரடியாகத் தழும்புக்குள்ளேயே போடும் ஊசிகளும் உண்டு. கொலாஜினேஸ் என்ற நொதி கொலாஜனைக் கரைப்பது. அமெரிக்காவில் 2013-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. வளைவு 30 டிகிரிக்கு மேல் 90 டிகிரிக்குள், நிலைத்து நிற்பவர்களுக்கு அதைத் தருகிறார்கள். பெரிய ஆய்வுகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வளைவு குறைந்தது. அதாவது 60 டிகிரி வளைவு 40 டிகிரி ஆகலாம். முழுதாக நேராகும் என்று எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் உறவு கொள்ள முடியாத வளைவு உறவு கொள்ளக்கூடிய வளைவாக மாறினால் அதுவே பெரிய விஷயம். ஊசி போட்ட பிறகு உறை பலவீனமாக இருக்கும். சில வாரம் உறவு கூடாது, மீறினால் உறை கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. இந்த மருந்து எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் வெரபாமில் அல்லது இன்டர்ஃபெரான் ஊசியைப் பயன்படுத்துகிறார்கள்.

அறுவை சிகிச்சை இப்போது உங்களுக்குப் பேச்சே இல்லை. நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடமாவது ஆகி, வளைவு குறைந்தது மூன்று மாதம் மாறாமல் நின்றால்தான் செய்வோம். மாறிக்கொண்டிருக்கும்போது நேராக்கினால் மறுபடி வளையும். வளைவு மிதமாக இருந்து விறைப்பு நன்றாக இருந்தால், தழும்புக்கு எதிர்ப்பக்கத்தைச் சற்றுச் சுருக்கித் தைத்து நேராக்கலாம். இதில் நீளம் கொஞ்சம் குறையும். வளைவு மிகக் கடுமையாக இருந்தால் தழும்பை வெட்டி அந்த இடத்தில் ஒட்டுத் திசு வைப்போம், ஆனால் அதற்குப் பிறகு விறைப்பு குறையும் வாய்ப்பு கூடுதல். மாத்திரைக்கும் விறைப்பு வராதவர்களுக்கு உள்ளே செயற்கைத் தண்டு பொருத்தி இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யலாம். வளைவு லேசாக இருந்து, வலி அடங்கி, உறவுக்குத் தடையில்லை என்றால் எதுவுமே செய்யாமல் விடுவதும் முறையான முடிவுதான். நிறையப் பேர் அப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்.

விறைப்புக் குறைவுக்குச் சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற மாத்திரைகள் உண்டு. பெய்ரோனி நோய் இருக்கும்போதும் டாக்டர் அவற்றைத் தரலாம். நன்றாக விறைத்தால் மடங்கும் வாய்ப்பும் குறையும். நெஞ்சு வலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இவற்றைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். தூக்கத்தில் தானாக வரும் விறைப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். லேசாக வலித்தாலும் அது திசுவுக்கு ரத்தத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு வருகிறது.

உறவு கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் வேண்டாம். வலி தாங்கும்படி இருந்தால், விறைப்பு முழுதாக வந்த பிறகு, வழவழப்புக்கு ஜெல் பயன்படுத்தி, அவசரமில்லாமல், அசைவு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலையில் கொள்ளலாம். நழுவினால் உடனே நிறுத்தி, கையால் வழிகாட்டிவிட்டுத் தொடருங்கள். கொஞ்ச காலத்துக்கு அவர் மேலே இருக்கும் நிலையைத் தவிர்ப்பது நல்லது. அந்த நிலையில் அவருடைய முழு எடையும் இறங்கும், நழுவினால் நிறுத்த நேரமிருக்காது, அதற்காகத்தான் சொல்கிறேன். அதில் வேறு தவறு எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். எப்போதாவது மடங்கும்போது "டப்" என்று முறிவது போலச் சத்தம் கேட்டு, விறைப்பு சட்டென்று இறங்கி, உறுப்பு வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறினால் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் வந்தாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கலாம். நள்ளிரவாக இருந்தாலும் வெட்கப்படாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சீக்கிரம் தைத்தால் நன்றாக ஆறும், தாமதித்தால் வளைவும் விறைப்புக் குறைவும் வர வாய்ப்பு கூடும். உங்களுக்கு அன்று நடந்தது இதுவல்ல.

கடைசியாக உங்கள் மனைவியைப் பற்றி. அவர் அழுவதாக எழுதியிருந்தீர்கள், நீங்களும் உள்ளுக்குள் உடைந்துதான் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இந்த நோய் வந்த ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அதுவும் இந்த நோயின் ஒரு பகுதிதான். உங்கள் மனைவியிடம், நான் மேலே எழுதிய டயர் கதையையும் அரை விறைப்புக் கதையையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இது அவருக்குத் தொற்றாது என்றும் சொல்லுங்கள். அணைத்துக்கொள்வதற்கும் பக்கத்தில் படுப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை.

அவர் சம்மதித்தால் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கேட்க வாய் வராது. நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்: "இதில் என் மனைவியின் தவறு ஏதாவது இருக்கிறதா?" டாக்டர் இல்லை என்று சொல்வதை அவர் தன் காதால் கேட்கட்டும்.